‘ஒன்றுமில்லை’ என்று கருவி சொன்னால் எப்போது நம்பலாம்?

அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் விஸ்காசெட் என்றொரு சிற்றூர். அங்கே இருந்த மேய்ன் யாங்கி அணுமின் நிலையம் 1972 முதல் 1996 வரை மின்சாரம் தயாரித்தது. இனி ஓட்டுவதில்லை என்று 1997-இல் முடிவெடுத்து, நிலையத்தைப் பிரிக்கத் தொடங்கினார்கள். 2004 செப்டம்பரில் உலைக் கட்டடத்தின் கான்கிரீட் கூடு வெடிவைத்து வீழ்த்தப்பட்டது. 2005-இல் வேலை முடிந்தது. எரிந்து தீர்ந்த எரிபொருளை அடைத்த கலங்கள் மட்டும் காவலோடு அங்கேயே நிற்கின்றன. மற்ற நிலத்தில் யாரும் வீடு கட்டலாம், கிணறு தோண்டலாம் என்று விடுவிக்க ஒரு நிபந்தனை இருந்தது. நிலையம் விட்டுச்சென்ற கதிரியக்கத்தால், அங்கே குடியிருப்பவர் உடம்பில் ஆண்டுக்குக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் கதிர்வீச்சு சேரக்கூடாது.

அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 1997-இல் வகுத்த விதிப்படி அந்த அளவு 0.25 மில்லிசீவர்ட் (உடம்பில் சேரும் கதிர்வீச்சை அளக்கும் அலகு; அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மைக்ரோசீவர்ட்). மேய்ன் மக்களுக்கு அது போதவில்லை. இடித்த கான்கிரீட்டை நிலவறைகளுக்குள்ளேயே போட்டு மூடலாம் என்ற யோசனை வந்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. 2000-இல் மாநிலம் தனக்கென்று சட்டம் போட்டது: மொத்தம் 0.10 மில்லிசீவர்ட், அதில் நிலத்தடி நீர் வழியாக வருவது 0.04-க்கு மேல் போகக்கூடாது.

சரி, ஒரு மீட்டரை எடுத்துக்கொண்டு போய் இந்த 0.25 இருக்கிறதா இல்லையா என்று பார்த்துவிட்டால் என்ன? கணக்குப் போட்டால் சிக்கல் புரியும். ஓர் ஆண்டுக்கு 8,760 மணி நேரம். 0.25 மில்லிசீவர்ட்டை அதால் வகுத்தால், மணிக்கு சுமார் 0.03 மைக்ரோசீவர்ட். பாறையிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாக வரும் கதிர்வீச்சோ சாதாரண இடத்திலேயே மணிக்கு 0.1 மைக்ரோசீவர்ட்டை ஒட்டி இருக்கும். அதுவும் ஒரே நிலையில் நிற்காது. கருங்கல் பாவிய முற்றத்தில் ஏறும், தண்ணீர் தேங்கிய இடத்தில் இறங்கும். நல்ல மழை பெய்தால் காற்றிலுள்ள ரேடான் வாயு சிதைந்து உண்டாகும் கதிரியக்கத் தனிமங்கள் தரைக்கு வந்து சேர்வதால் கொஞ்ச நேரத்துக்குக் கூடும். இந்த ஏற்ற இறக்கத்துக்கு நடுவே 0.03-ஐத் தனியே பிரித்துக் காட்ட எந்தக் கையடக்கக் கருவியாலும் ஆகாது. மேய்ன் கேட்ட 0.10 என்றால் கணக்கு இன்னும் மோசம்.

அதனால் வேலை தலைகீழாக நடக்கிறது. ஒரு விவசாயக் குடும்பம் அந்த நிலத்தில் குடியேறி, அங்கேயே விளைந்ததைச் சாப்பிட்டு, அங்கேயே தண்ணீர் குடித்தால் என்ன ஆகும் என்று ஒரு கற்பனைக் கணக்குப் போடுகிறார்கள். வரம்புக்குள் இருக்க வேண்டுமானால் மண்ணில் ஒரு கிலோவுக்கு எத்தனை பெக்கரல் (நொடிக்கு ஓர் அணு சிதைந்தால் ஒரு பெக்கரல்) கதிரியக்கச் சீசியம் இருக்கலாம், சுவரில் 100 சதுர சென்டிமீட்டருக்கு எவ்வளவு கோபால்ட் இருக்கலாம் என்று பின்னோக்கிக் கணக்கிடுகிறார்கள். கருவிகள் தேட வேண்டியது மில்லிசீவர்ட்டை அல்ல, இப்படிக் கிடைக்கும் மாசின் அளவைத்தான். இதற்கான முறையை அமெரிக்காவின் நான்கு அரசுத் துறைகள் சேர்ந்து 1997-இல் ஒரு கையேடாக வெளியிட்டன. துறைக்காரர்கள் அதை மார்சிம் என்று சுருக்கிச் சொல்வார்கள். எந்தக் கருவி எதை எவ்வளவு வரை காணும் என்பதை அலசும் துணை நூல் 1998-இல் வந்தது. அதன் பெயர் நியூரெக்-1507.

மார்சிமில் எனக்குப் பிடித்தது அதன் தொடக்க அனுமானம். இடம் சுத்தமாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டு அழுக்கைத் தேடச் சொல்லவில்லை. வரம்புக்கு மேல் மாசு இருக்கிறது என்றே வைத்துக்கொள். இல்லை என்று நிரூபிப்பது உன் பொறுப்பு என்கிறது. இப்படித் தொடங்கினால் கருவிகளை ஒப்பிடும் கேள்வியும் மாறிவிடுகிறது. எது அதிகம் காட்டுகிறது என்று பார்த்துப் பயனில்லை. ஒரு கருவி ஒன்றுமே காட்டாதபோது, உண்மையில் அங்கே எவ்வளவு வரை ஒளிந்திருக்க முடியும் என்றுதான் கேட்க வேண்டும்.

ஒரு சுவரை எடுத்துக்கொள்வோம். கோபால்ட்-60 படிந்திருக்கலாம் என்று சந்தேகம். கட்டட மேற்பரப்புக்கு அமெரிக்க ஆணையம் தந்திருக்கும் முதல்நிலை வரம்பு, 100 சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு 7,100 சிதைவுகள். எல்லோரும் முதலில் கையில் எடுப்பது கைகர் கருவி. அதன் தட்டையான வட்ட முகத்தை வைத்து அதைப் பான்கேக் என்பார்கள். விலை குறைவு, முரட்டுத்தனமாகக் கையாண்டாலும் தாங்கும், டிக் டிக் சத்தம் யாருக்கும் புரியும். ஆனால் அதன் பார்வைப் பரப்பு சுமார் 15 சதுர சென்டிமீட்டர்தான். கோபால்ட்-60 விடும் பீட்டாத் துகள்கள் (வேகமாகப் பாயும் எலக்ட்ரான்கள்) வலு குறைந்தவை. பாதி சுவருக்குள்ளேயே போய்விடும், கொஞ்சம் தூசியிலும் பெயிண்டிலும் நின்றுவிடும், கருவியின் மைக்கா சன்னலிலும் சில தங்கிவிடும். நூறு சிதைவு நடந்தால் ஐந்து எண்ணிக்கை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நடைமுறையில் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும்.

மாசே இல்லாத இடத்திலும் கருவி காட்டும் பின்னணி எண்ணிக்கை நிமிடத்துக்கு 60 என்று கொள்வோம். கருவியை ஓரிடத்தில் அசையாமல் ஒரு நிமிடம் வைத்தால் எவ்வளவு வரை கண்டுபிடிக்கலாம்? 1968-இல் வேதியியலாளர் லாயிட் கர்ரி தந்த சூத்திரத்தைத்தான் இதற்கு எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். பின்னணியின் வர்க்கமூலத்தை 4.65-ஆல் பெருக்கி 3-ஐக் கூட்ட வேண்டும். 39 எண்ணிக்கை வருகிறது. அதை 5 சதவீதத் திறனாலும் பரப்பாலும் சரிசெய்தால், 100 சதுர சென்டிமீட்டருக்கு 5,200 சிதைவுகள். வரம்பு 7,100. தப்பித்தோம் என்று சொல்லலாம், அவ்வளவுதான்.

இப்போது அதே கருவியைச் சுவரின் மேல் நகர்த்திக்கொண்டே போகிறோம். ஒரு புள்ளியின் மேல் கருவி இருக்கும் நேரம் ஒரு நொடி. அந்த ஒரு நொடியில் பின்னணியில் சராசரியாக ஒரே ஒரு எண்ணிக்கைதான் வரும். நியூரெக்-1507 முறையில் கணக்கிட்டால், நகர்த்தும்போது காணக்கூடிய குறைந்தபட்சம் ஏறக்குறைய 15,600 சிதைவுகள். வரம்பைப்போல இரு மடங்குக்கும் மேல்! அதாவது வரம்பைத் தாண்டிய திட்டு ஒன்றின் மேலேயே கருவி ஊர்ந்துபோனாலும், சத்தத்தில் வித்தியாசம் தெரியாமல் போகலாம். கருவியில் எந்தப் பழுதும் இருக்காது, ஆளும் நேர்மையாகவே வேலை செய்திருப்பார். படிவத்தில் ‘மாசு இல்லை’ என்று பதிவாகிவிடும்.

அதே சுவருக்கு வாயு பாயும் விகித எண்ணியைக் கொண்டு வருவோம். ஆர்கான் 90 சதவீதம், மீத்தேன் 10 சதவீதம் கலந்த வாயு உள்ளே ஓடிக்கொண்டே இருக்க, மெல்லிய மைலார் பிளாஸ்டிக் சன்னல் வழியே பீட்டாவை வாங்கும் கருவி இது. கையில் பிடிப்பதன் பரப்பு 126 சதுர சென்டிமீட்டர். பெரிய பரப்பு என்பதால் பின்னணியும் ஏறி நிமிடத்துக்கு 350 ஆகிறது என்று கொள்வோம். திறன் 10 சதவீதம். அசையாமல் ஒரு நிமிடம் வைத்தால் 700 சிதைவுகள் வரையும், நகர்த்தினால் சுமார் 2,250 வரையும் காணலாம். இரண்டுமே வரம்புக்கு வெகு கீழே. தரைக்கென்று இதையே அகலமாக்கித் தள்ளுவண்டியில் பூட்டிய வடிவமும் உண்டு.

அப்படியானால் கைகர் கருவியைத் தூக்கிப் போட்டுவிடலாமா? முடியாது. வாயு எண்ணிக்குச் சிலிண்டர் வேண்டும், குழாய் வேண்டும், வாயு சீராக நிரம்பும்வரை காத்திருக்க வேண்டும். அந்த மைலார் சன்னல் ஒரு கான்கிரீட் முனை பட்டாலே கிழிந்துவிடும். குழாய் மூட்டுகளிலும் மூலைகளிலும் 126 சதுர சென்டிமீட்டர் தட்டை முகம் ஒட்டி உட்காராது. அப்புறம், மாசான கான்கிரீட்டை ஏற்கெனவே கொத்தி எடுத்திருந்தால் சுவர் மேடுபள்ளமாக இருக்கும். கருவிக்கும் பரப்புக்கும் இடைவெளி கூடக்கூட எண்ணிக்கை விழும். ஆய்வகத்தில் வழவழப்பான தகட்டில் அளந்த திறனை அங்கே அப்படியே போட்டால், கணக்கு பொய்யாகிவிடும். மேலே நான் போட்ட 5 சதவீதமும் 10 சதவீதமும் இப்படித்தான் இடத்துக்கு இடம் மாறும். கருவியின் பெயரை மட்டும் எழுதி, எந்தத் திறனை வைத்துக் கணக்கிட்டோம் என்பதை எழுதாத அறிக்கையை நான் நம்பமாட்டேன்.

நகர்த்தி அளப்பதில் ஆளுக்கும் பங்கு இருக்கிறது. கருவியோடு நடப்பவர் ஹெட்போனில் டிக் ஒலியைக் கேட்டபடி போகிறார். ஒலி கொஞ்சம் அடர்ந்தால் நிற்க வேண்டும், மறுபடி கேட்க வேண்டும். நியூரெக்-1507 இந்த ஆளின் காதையும் கணக்கில் சேர்க்கிறது. கருவி தரும் தகவலில் பாதி முதல் முக்கால் பங்கைத்தான் மனிதர் பயன்படுத்துகிறார் என்று வைத்து, குறைந்தபட்சக் காண் அளவை அதற்கேற்ப உயர்த்துகிறது. நூற்றில் 95 உண்மையான திட்டுகளைப் பிடிக்க வேண்டுமானால், ஒன்றுமில்லாத இடங்களில் 60 சதவீதத்திலும் அவர் நின்று பார்க்கச் சம்மதித்தாக வேண்டும் என்பது அந்தக் கணக்கில் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் அனுமானம். ஆகவே நிற்காமல், திரும்பாமல், ஒரே வேகத்தில் ஒரு பெரிய கூடத்தை முடித்துவிட்ட ஆளின் வேலை சுத்தமாகத் தெரியலாம். கணக்குப்படி அவர் தேடவே இல்லை. தளத்தில் வேலை நெருக்கும்போது முதலில் பலியாவது இந்த நிற்றல்தான் என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்.

சுவரை விட்டு வெட்டவெளிக்கு வந்தால் ஆட்டம் வேறு. மண்ணுக்குள் இருக்கும் சீசியத்தின் பீட்டா வெளியே வராது, மண்ணை ஊடுருவி வரும் காமா கதிரைத்தான் பிடிக்க வேண்டும். இதற்குச் சோடியம் அயோடைடு படிகம். இரண்டு அங்குல விட்டமும் இரண்டு அங்குல உயரமும் உள்ள படிகம்தான் உலகெங்கும் வழக்கம். இதன் பின்னணியே நிமிடத்துக்கு 10,000 எண்ணிக்கை வரும், அவ்வளவு கூர்மை. நொடிக்கு அரை மீட்டர் நடை, தரையிலிருந்து 10 சென்டிமீட்டர் உயரம், 56 சென்டிமீட்டர் அகலமும் 15 சென்டிமீட்டர் ஆழமும் கொண்ட மாசுத் திட்டு என்று வைத்து நியூரெக்-1507 கணக்கிட்டிருக்கிறது. சீசியம்-137 கிலோவுக்கு சுமார் 237 பெக்கரல் வரையும், கோபால்ட்-60 சுமார் 126 பெக்கரல் வரையும் காணலாம். மண்ணுக்கான முதல்நிலை வரம்புகள் முறையே 407, 141.

சீசியத்துக்குப் போதுமான இடைவெளி இருக்கிறது. கோபால்ட்டைப் பாருங்கள்: 126-க்கும் 141-க்கும் நடுவே என்ன இருக்கிறது? ஆள் கொஞ்சம் வேகமாக நடந்தால், களைத்துப்போய்க் கருவியை முழங்கால் உயரத்தில் தூக்கிப் பிடித்தால், பின்னணி சற்று ஏறிய இடமாக இருந்தால், அந்த இடைவெளி காணாமல் போய்விடும். இன்று பெரும்பாலான தளங்களில் கருவியோடு ஜிபிஎஸ் இணைத்து, நொடிக்கு ஒரு அளவு பதிவாகும்படி செய்கிறார்கள். நடந்த தடம் முழுவதும் வண்ணப் படமாக விரியும். காது தவறவிட்ட மெல்லிய ஏற்றம் பிறகு கணினியில் தெரியவரும். எங்கே நடக்காமல் விட்டார்கள் என்பதும் தெரியும், அதுவே பெரிய நன்மை.

சோடியம் அயோடைடுக்கு ஒரு பலவீனம் உண்டு. கதிர் வந்தது என்று சொல்லும், யாரிடமிருந்து வந்தது என்பதில் தடுமாறும். காமா விடும் ஒவ்வொரு பொருளுக்கும் தனக்கென்று ஆற்றல் உண்டு, அளவீட்டு வரைபடத்தில் அது ஒரு வரியாக எழும். சீசியத்தின் காமா 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் உள்ளது. மண்ணில் இயற்கையாக இருக்கும் பிஸ்மத்-214 தருவது 609. இந்தப் படிகத்தில் ஒரு வரி 45 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அகலத்துக்குப் பரவிவிடுவதால் இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடும். தூய ஜெர்மானியப் படிகம் வைத்த கருவி இதே வரியை இரண்டு கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் குறைவான ஊசியாகக் காட்டும். கோபால்ட்டின் 1173, 1332 இரண்டும் தனித்தனியாக எழும், பொட்டாசியம்-40 இருக்கும் 1461 ஒதுங்கி நிற்கும்.

நம் பக்கத்து உதாரணம் ஒன்று. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் கேரளத்துச் சவராவிலும் கடற்கரை மணலில் மோனசைட் இருக்கிறது. அதிலுள்ள தோரியத்தால் அங்கே எந்தச் சோடியம் அயோடைடு கருவியும் துள்ளும். எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு அது அணுமின் நிலைய விபத்துபோலத் தெரியும். ஜெர்மானியத்தில் பார்த்தால் தோரியத் தொடரின் தாலியம்-208 விடும் 2615 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரி பளிச்சென்று எழும். சீசியத்தின் இடத்தில் அதற்கேற்ற ஏற்றம் இருக்காது. இயற்கைக் கதிரியக்கம் மிகுந்த மண்ணில் மனிதர் போட்ட மாசைத் தேட வேண்டுமானால் இப்படி ஆற்றல்வாரியாகப் பிரித்துக் காட்டும் நிறமாலை இல்லாமல் ஓரடிகூட நகர முடியாது.

இவ்வளவு கூர்மையானதை எல்லா இடத்திலும் பயன்படுத்தினால் என்ன? பழைய வகைக்குத் திரவ நைட்ரஜன் வேண்டும், புதியவை மின்சாரத்தால் குளிர்கின்றன. விலையும் எடையும் அதிகம். ஓரிடத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் நிறுத்த வேண்டும். ஆனால் என் பார்வையில் பெரிய சிக்கல் வேறு. தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் கவிழ்த்து வைத்த ஜெர்மானியம், சுற்றிலும் ஏறக்குறைய 10 மீட்டர் வரையுள்ள நிலத்தைச் சேர்த்துப் பார்க்கிறது. அதிலிருந்து கிலோவுக்கு இத்தனை பெக்கரல் என்று ஒரு எண் வர வேண்டுமானால், சீசியம் மேல்மண்ணில் இருக்கிறதா, ஆழத்தில் பரவியிருக்கிறதா என்று நாம் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். அந்த அனுமானம் பிசகினால் விடை சில மடங்கு தவறும். அதற்குத் துளையிட்டு மாதிரி எடுத்துத்தான் ஆக வேண்டும். ஆக, இடத்திலேயே வைத்து அளப்பது ஆய்வக மாதிரிகளைக் குறைக்கும், ஒழித்துவிடாது.

ஐரோப்பா பக்கம் போனால் தேர்வே மாறுகிறது. ஜெர்மனியின் நீடரைஷ்பாக் நிலையம் 1995-இல் முழுக்கப் பிரிக்கப்பட்டுப் பசும்புல் தரையானது. மின்சாரம் தந்த அணு உலை ஒன்று அந்த நிலைக்கு வந்ததில் அது முன்னோடி. ஜெர்மனியில் பிரித்தெடுத்த இரும்பும் கான்கிரீட்டும் கட்டுப்பாட்டிலிருந்து வெளியே போக, ஆண்டுக்கு 0.01 மில்லிசீவர்ட் என்ற வரிசையில் கணக்கு போடுகிறார்கள். சர்வதேச அணுசக்தி முகமை 2004-இல் பரிந்துரைத்த விடுவிப்பு அளவு சீசியம்-137, கோபால்ட்-60 இரண்டுக்குமே கிராமுக்கு 0.1 பெக்கரல், அதாவது கிலோவுக்கு 100. பொருளை விடுவிப்பதும் நிலத்தை விடுவிப்பதும் வேறு வேறு கணக்குகள் என்பதை மறக்கக்கூடாது. ஆனாலும் நடந்துகொண்டே சோடியம் அயோடைடால் காணும் 237-ஐ இந்த 100-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு நாட்டின் விதிக்குப் போதுமான அதே முறை இன்னொரு விதிக்கு உதவாது. அதனால்தான் ஜெர்மனியில் பொருள்களைப் பெட்டிகளில் போட்டு, ஆறு பக்கமும் உணரிகள் சூழ்ந்த அறைக்குள் தள்ளி அளக்கிறார்கள்.

இதுவரை பேசியதெல்லாம் கருவியின் கண்ணில் படக்கூடியவை. ஸ்ட்ரான்சியம்-90 காமா விடாது. மண்ணுக்குள் இருந்தால் மேலே எந்தக் கருவியும் அதைக் காணாது. நிக்கல்-63 விடும் பீட்டா காற்றில் சில சென்டிமீட்டரைத் தாண்டாது, டிரிட்டியத்தின் பீட்டாவோ கருவியின் சன்னலைக்கூடத் தாண்டாது. இவற்றுக்கு மாதிரி எடுத்து, வேதியியல் முறையில் பிரித்து, திரவ ஒளிர்வு எண்ணியில் அளக்க வேண்டும். செலவும் நாளும் பிடிக்கும் வேலை. அதனால் ஒரு குறுக்குவழி உண்டு. சில மாதிரிகளில் சீசியத்துக்கு ஸ்ட்ரான்சியம் எவ்வளவு என்று விகிதம் கண்டுபிடித்துவிட்டு, மற்ற இடங்களில் சீசியத்தை மட்டும் அளந்து மீதியைக் கணக்கிடுவது.

இந்த வழி எல்லா இடத்திலும் பலிக்காது. சீசியம் களிமண்ணைக் கெட்டியாகப் பற்றிக்கொள்ளும். ஸ்ட்ரான்சியம் தண்ணீரோடு நகரும். பத்து, இருபது ஆண்டில் இரண்டும் வெவ்வேறு இடத்துக்குப் போயிருக்கும். அமெரிக்காவின் கனெக்டிகட் யாங்கி அணுமின் நிலையத்தில் நிலத்தடி நீரிலேயே ஸ்ட்ரான்சியம் இருந்தது. கசிந்த தொட்டிப் பகுதியின் மண்ணைப் பாறை தட்டும்வரை தோண்டி எடுக்க வேண்டியதாயிற்று. அதோடு கோபால்ட்-60-இன் அரை ஆயுள் 5.27 ஆண்டுதான், நிக்கல்-63-க்குச் சுமார் 100 ஆண்டு. மூடியவுடன் கண்ட கோபால்ட்-நிக்கல் விகிதத்தைப் பதினைந்து ஆண்டு கழித்துப் பயன்படுத்தினால் நிக்கலைப் பல மடங்கு குறைத்துச் சொல்வோம். நிலையத்தைப் பல பத்தாண்டுகள் பூட்டி வைத்துவிட்டுப் பிறகு பிரிக்கும் நாடுகளுக்கு இது பெரிய கவலை. காத்திருப்பதால் தொழிலாளர்மேல் விழும் கதிர்வீச்சு குறையும், உண்மை. ஆனால் மற்றவற்றைக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்த கோபால்ட்டும் கூடவே மறைந்துபோகும்.

எல்லாவற்றிலும் கடினமானது தனித் துகள். ஸ்காட்லாந்தின் டூன்ரே அணு ஆய்வு நிலையத்தில் எரிபொருளை வெட்டிச் சீவியபோது உண்டான மணல் பருமனுள்ள துகள்கள் வடிகால் வழியே கடலுக்குப் போயின. 1980-களில் கரையில் கிடைக்கத் தொடங்கின. 1 லட்சம் பெக்கரலுக்குக் குறைவான சீசியம்-137 உள்ளவை சிறியவை, 10 லட்சத்துக்கு மேற்பட்டவை குறிப்பிடத்தக்கவை என்று வகை பிரித்தார்கள். மணலைத் தேட வண்டியில் பூட்டிய பெரிய சோடியம் அயோடைடு உணரிகளை ஓட்டினார்கள்.

மார்சிம் முறையில் இதைப் பார்ப்போம். மாசு மிகுந்த பகுதி எனச் சந்தேகப்படும் நிலத்தில் ஒரே தொகுதியாக அளந்து முடிவெடுக்கும் துண்டு, அதாவது ஒரு அளவீட்டுக் கூறு, அதிகபட்சம் 2,000 சதுர மீட்டர். 15 சென்டிமீட்டர் ஆழம்வரை மண்ணை எடுத்தால் சுமார் 480 டன். அதற்குள் 1 லட்சம் பெக்கரல் துகள் ஒன்று கிடந்தால் சராசரி கிலோவுக்கு 0.2 பெக்கரல், வரம்பான 407-க்குப் பக்கத்தில் அது ஒன்றுமே இல்லை. புள்ளியியல் சோதனைக்குப் பொதுவாகப் பதினான்கு, பதினைந்து மாதிரிகள் போதும் என்று வரும். 480 டன்னில் பதினைந்து கிலோ! அந்தத் துகள் ஒரு மாதிரியில் அகப்படும் என்று எதிர்பார்ப்பது வீண். மாதிரிகள் சராசரியைச் சொல்லும். ஜெர்மானியமும் பெரிய வட்டத்தின் சராசரியைத்தான் சொல்லும். ஆனால் ஒரு குழந்தை மண்ணில் விளையாடி வாயில் போட்டுக்கொள்வது சராசரியை அல்ல. துகளைப் பிடிக்கக்கூடியது நெருக்கமான இடைவெளியில் மெதுவாக நடந்து அளப்பது ஒன்றுதான்.

இல்லினாய்ஸ் மாநிலத்துச் சயான் நிலையம் இதற்கு அண்மைய சாட்சி. தலா ஆயிரம் மெகாவாட்டுக்கு மேற்பட்ட இரண்டு உலைகள், 1998-இல் மூடியவை, 2010 முதல் பிரிக்கப்பட்டவை. நிலம் அளந்து முடித்த பிறகு, ஒழுங்குமுறை ஆணையத்தின் சார்பில் வந்த ஓக் ரிட்ஜ் குழு தானும் நடந்து பார்த்தபோது கதிரியக்கத் துகள்கள் அகப்பட்டன. கட்டடங்களை இடிக்கும்போது சிதறிய துகள்களை மறுபடி தேட வேண்டியதாகி, நில விடுவிப்பு 2023 நவம்பர்வரை தள்ளிப்போனது. அளந்த நிறுவனமே தன்னைச் சரிபார்த்துக்கொள்வது போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

போதாமல் மோசடியாகவே போனதும் உண்டு. சான் பிரான்சிஸ்கோவின் ஹண்டர்ஸ் பாயிண்ட் அணுமின் நிலையம் அல்ல, கடற்படையின் பழைய கப்பல் தளம். அங்கேயும் இதே மாதிரியான கதிரியக்க அளவீட்டு வேலைதான். மாசுள்ள இடத்து மண்ணுக்குப் பதிலாகச் சுத்தமான இடத்து மண்ணை ஆய்வகத்துக்கு அனுப்பிய குற்றத்துக்காக இரண்டு மேற்பார்வையாளர்களுக்கு 2018-இல் தலா எட்டு மாதச் சிறை கிடைத்தது. ஆய்வகத்து ஜெர்மானியம் தன் வேலையைச் சரியாகவே செய்தது. வேறு மண்ணை அளந்தது, அவ்வளவுதான். அந்தப் பக்கத்து மக்கள் பல ஆண்டு அறிக்கைகளையும் சந்தேகிக்க வேண்டியதாயிற்று.

இன்னொன்று, பழைய குறிப்பேடு. மார்சிம் நிலத்தை மூன்று வகையாகப் பிரிக்கிறது. முதல் வகையில் ஒரு சாண் விடாமல் நகர்த்தி அளக்க வேண்டும், இரண்டாவதில் ஒரு பகுதி, மூன்றாவதில் சந்தேகம் தட்டும் இடங்கள் மட்டும். எந்த இடம் எந்த வகை என்பதைத் தீர்மானிப்பது கருவியல்ல, கடந்தகாலத்தில் எங்கே கசிந்தது, எதை எங்கே கொண்டுபோய்க் கொட்டினார்கள் என்ற வரலாறு. கனெக்டிகட் யாங்கியில் கான்கிரீட் கட்டைகள் நிலையத்துக்கு வெளியே போய், ஊருக்குள் கட்டுமானத்துக்குப் பயன்பட்டிருந்தது 1997-இல் தெரியவந்தது. பிறகு தேடித் தேடித் திருப்பி எடுத்தார்கள். வேலிக்குள் எத்தனை நல்ல கருவி வைத்து அளந்தாலும் அது அகப்பட்டிருக்காது.

கல்பாக்கத்தின் முதல் உலை 1984-இல் வணிக உற்பத்திக்கு வந்தது. உலை ஓடத் தொடங்கும் முன்பே சுற்றுச்சூழல் ஆய்வுக்கூடம் அமைத்து மண்ணையும் நீரையும் அளப்பது இந்திய நிலையங்களின் வழக்கம். அந்தப் பழைய அளவுகளின் மதிப்பு நிலையத்தைப் பிரிக்கும் நாளில்தான் முழுக்கத் தெரியும். 1950, 60-களின் அணுகுண்டுச் சோதனைகள் உலகமெங்கும் தூவிய சீசியம் எவ்வளவு, உலை போட்டது எவ்வளவு என்று பிரிக்க அதைவிட்டால் வேறு ஆதாரம் இராது. அன்று எந்தக் கருவி, எந்த உயரம், எவ்வளவு நேரம், காணக்கூடிய குறைந்தபட்சம் என்ன என்பதும் எண்ணோடு கூடவே எழுதப்பட்டிருக்க வேண்டும். ‘கண்டறியப்படவில்லை’ என்று மட்டும் எழுதிய வரியை வைத்து யாராலும் எதையும் கழிக்க முடியாது.